விலையா? பொருத்தமா?

விலை உயர்ந்த பொருள்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் உயர்ந்த பொருள் ஒன்று உண்டாகிவிடுமா? ஆகாது என்பதே எங்கள் கட்சி. முந்திரியும் ஏலமும் குங்குமப்பூவும் கைநிறைய அள்ளிப் போட்டாலும், சேமியா வேகாவிட்டால் அது பாயசம் ஆவதில்லை. சமையலறையில் நன்றாக அறிந்த இந்த எளிய உண்மையைக் கணிப்பொறிக் கடையில் மட்டும் நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

'கேமிங் கம்ப்யூட்டர்' என்று இளைஞர் உலகம் போற்றும் கணிப்பொறியைப் பற்றியே சொல்கிறோம். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வானவில் போல் மாறி மாறி எரியும் விளக்குகள், குழாய்களில் ஓடும் வண்ண நீர்! அதைக் கண்டு மயங்காதார் யார்? நம் தோழியரிலும் பலர் மயங்கி நிற்கின்றனர். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் வாங்கித் தருகிறோம் என்று வாக்களித்துவிட்டுத் தவிக்கும் பெற்றோரும் உண்டு. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை அப்படியே விழுங்கிவிடக்கூடிய பொருள் இது. ஆகவே இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது வெறும் விளையாட்டுப் பேச்சன்று.

இதில் எங்கள் கருத்து மூன்று. உறுப்புகளை விலை பார்த்து அல்ல, பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லாரும் ஆசைப்படும் நீர்க் குளிர்விப்பு பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பது இரண்டு. இந்தத் தேர்வைச் செய்யும் அறிவு பெண்களாகிய நமக்கும் வேண்டும் என்பது மூன்று. மூன்றையும் காரணம் காட்டி நிறுவ முயல்கிறோம். பொறுமையோடு படித்து, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். "விளையாடுவதற்கா இவ்வளவு செலவு?" என்று அன்னையர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டுக்கென்று பிறந்த கருவி விளையாட்டோடு நின்றுவிடவில்லை. 2012ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், அவர்களுடைய பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கோடிக்கணக்கில் விலைபெறும் இயந்திரமா? இல்லை. விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 என்னும் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு; அவ்வளவே. ஏறத்தாழ 12 லட்சம் படங்களைக் கொண்டு ஐந்தாறு நாள்களில் அந்தப் பயிற்சி முடிந்தது. இன்று உலகெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக்கு அது ஒரு திருப்புமுனை ஆயிற்று. ஹின்டன் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எனவே இக்கருவியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது.

சரி, தேர்வை எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் விலை மிகுந்த சில்லிலிருந்து தொடங்குகிறார்கள். நாங்கள் சொல்வது, கண்ணிலிருந்து தொடங்குங்கள் என்பதே. அதாவது, முதலில் எந்த மானிட்டரில் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். சாதாரண முழு எச்டி மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. '4கே' மானிட்டரில் 3840 × 2160, அதாவது 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு! ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் கணக்கிடும் வேலை கிராபிக்ஸ் கார்டினுடையது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டும். கார்டு 200 படங்களை வரைந்து தள்ளினாலும் நம் கண்ணுக்கு வருவது 60 தான். சிறு குவளைக்குள் குடம் நீரைக் கவிழ்ப்பதால் பயன் என்ன?

இதை மனத்தில் கொண்டு இரண்டு கார்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். என்விடியா நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5090 கார்டில் 32 ஜிகாபைட் நினைவகம் உண்டு. அதன் அறிமுக விலை 1,999 டாலர். முழு வேகத்தில் 575 வாட் மின்சாரம் கொள்ளும். நம் வீட்டு மிக்ஸியை நிறுத்தாமல் மணிக்கணக்கில் ஓட்டுவதைப் போன்றது அது. அதே ஆண்டு மே மாதத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5060 கார்டின் அறிமுக விலை 299 டாலர். அது கொள்ளும் மின்சாரம் 145 வாட். முழு எச்டி மானிட்டர் வைத்திருப்பவருக்கு இரண்டாவது கார்டே பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். 4கே மானிட்டரில் எல்லா நுட்பங்களோடும் பார்க்க வேண்டும், முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் தொழிலும் உண்டு என்பவருக்கே முதலாவது பொருந்தும். இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பது தவறு. எது நமக்கு என்று கேட்பதே சரி.

அடுத்தது, கணிப்பொறியின் மூளையாகிய செயலி. இங்கேதான் 'விலை கூடினால் வேகம் கூடும்' என்ற நம்பிக்கை நன்றாகவே உடைந்து போகிறது. ஏஎம்டி நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரைசன் 9 9950எக்ஸ் என்ற செயலியை வெளியிட்டது. அதில் 16 கருக்கள்; அறிமுக விலை 649 டாலர். அதே ஆண்டு நவம்பரில் ரைசன் 7 9800எக்ஸ்3டி வந்தது. அதில் 8 கருக்களே. அறிமுக விலை 479 டாலர். விளையாட்டில் எது முந்தும் என்று நினைக்கிறீர்கள்? விலை குறைந்ததே முந்துகிறது! காரணம் என்ன? அதன் கருக்களை ஒட்டி 96 மெகாபைட் அளவுள்ள விரைவு நினைவகம் அமைந்திருக்கிறது. விளையாட்டில் அடிக்கடி தேவைப்படும் செய்திகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது தொலைவில் உள்ள ரேமுக்கு ஓடி ஓடி அலைவதில்லை. அஞ்சறைப் பெட்டி அடுப்பருகே இருக்கும் வீட்டில் தாளிப்பது விரைவாக முடிகிறதல்லவா? அதுபோலத்தான். ஆனால் நீண்ட திரைப்படத்தைத் தொகுப்பது போன்ற வேலைக்கு 16 கருக்களே வெல்லும். ஆகவே செய்யும் வேலைதான் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விலைச்சீட்டு அன்று.

செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒரு வண்டியில் பூட்டிய இரு மாடுகள். ஒன்று கொழுத்தும் மற்றது நோஞ்சானாகவும் இருந்தால் வண்டி நோஞ்சான் மாட்டின் வேகத்தில்தான் போகும்; கொழுத்த மாட்டுக்குப் போட்ட தீவனம் வீண். ஒரே பொருளில் பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு மற்றதில் கையை இறுக்கிக்கொள்பவர்களுக்கு நேர்வது இதுவே.

மதர்போர்டு, ரேம் இரண்டிலும் பொருத்தம் என்ற சொல்லுக்கு நேரடிப் பொருளே உண்டு. ஏஎம்டி செயலி அமரும் ஏஎம்5 குழியில் இன்டெல் செயலி அமராது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ரேமுக்கான பள்ளத்தில் இறங்காது. அதன் வெட்டே வேறு இடத்தில் இருக்கிறது. ரேமை ஒரே பெரிய பட்டையாக வாங்குவதைவிட இரண்டு சமப் பட்டைகளாக வாங்கி, மதர்போர்டு நூல் சொல்லும் இரு பள்ளங்களில் போட்டால் இரு வழியாகச் செய்தி பாயும். செலவில்லாத வேகம் இது! 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரி வாங்கத் தொடங்கியதால் ரேம் விலை வெகுவாக ஏறிற்று. அத்தகைய வேளையில் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பது அறிவுடைமை ஆகாது.

இனி, யாரும் பெருமையாகப் பேசாத உறுப்பு ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அதுதான் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி. அதற்கு வண்ண விளக்கு இல்லை. அது வேகத்தைக் கூட்டுவதும் இல்லை. ஆனால் மற்ற எல்லா உறுப்புகளின் உயிரும் அதன் கையில்தான் இருக்கிறது. லட்ச ரூபாய்க்குக் கார்டு வாங்கியவர்கள் இங்கே வந்து சில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணக்கா? 575 வாட் கார்டு, 120 வாட் செயலி, விசிறிகள், மற்றவை எனக் கூட்டினால் 800 வாட்டை நெருங்குகிறது. அந்தக் கார்டுக்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். நம் ஊரில் இன்னும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கும் வீடுகளில் நல்ல எர்த் இணைப்பு இன்றியமையாதது. அடுத்து, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும். 800 வாட் கணிப்பொறியை அதில் மாட்டினால் மின்சாரம் போன அதே நொடியில் யூபிஎஸ்ஸும் கைவிட்டுவிடும்.

இப்போது எல்லாரும் ஆவலோடு எதிர்பார்க்கும் நீர்க் குளிர்விப்புக்கு வருவோம். சில்லு வேலை செய்தால் சூடாகும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்னே சொன்ன 9800எக்ஸ்3டி செயலிக்கு அந்த எல்லை 95 டிகிரி செல்சியஸ். எனவே சூட்டை வெளியேற்ற வேண்டும். ஏர் கூலரில் செம்புக் குழாய்கள் சூட்டை உலோகத் தகடுகளுக்கு ஏற்றுகின்றன. விசிறி காற்றை வீசி அதைக் கலைக்கிறது. லிக்விட் கூலரில் ஒரு சிறு பம்ப் திரவத்தைச் சுற்றி வரச் செய்கிறது. அத்திரவம் செயலியின் மேல் அமர்ந்த தகட்டில் சூட்டை வாங்கி, குழாய் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, அங்கே விசிறிக் காற்றில் அதை விட்டுவிட்டுத் திரும்புகிறது. லாரி எஞ்சின் குளிர்வதும் இவ்விதமே. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி சூடாக, அதே எடையுள்ள காற்றைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் வேண்டும் என்று இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம். நீர் சூட்டைச் சுமக்கத் தகுந்த வாகனம் என்பது உண்மையே.

இது புதிய சூழ்ச்சியும் அன்று. சீமோர் கிரே என்பவர் வடிவமைத்து 1985இல் வெளிவந்த 'கிரே-2' மீத்திறன் கணிப்பொறியில், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே மின்சுற்றுகளை மூழ்க வைத்திருந்தார்கள். 2004இல் ஆப்பிள் நிறுவனம் 'பவர் மேக் ஜி5' வரிசையின் விரைவு மிக்க மாதிரியில் திரவக் குளிர்விப்பைப் பொருத்திற்று. வேகம் கிடைத்தது. ஆனால் ஆண்டுகள் சில கடந்தபின் அவற்றுள் சில கசிந்து தம்மையே கெடுத்துக்கொண்டன. நன்மையும் தீமையும் ஒன்றாகவே வந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் நமக்கு இது வேண்டுமா? இங்கே மூன்று செய்திகளைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலாவது: கடையில் முழுதாகப் பூட்டி விற்கும் லிக்விட் கூலர் செயலியை மட்டுமே குளிர்விக்கிறது. கணிப்பொறியில் பெருஞ்சூடு பிறப்பதோ கிராபிக்ஸ் கார்டில்! 575 வாட் கார்டு தன் சொந்த விசிறிகளோடு போராடிக்கொண்டிருக்க, 120 வாட் செயலிக்கு மூன்று விசிறி வைத்த 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்து உபசாரம் நடக்கிறது. வீட்டில் வியர்த்துக் கொட்டுபவர் ஒருவர். விசிறி வீசுவது இன்னொருவருக்கு!

இரண்டாவது: நம் நாட்டு வெயில். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது போல் இந்த நீரும் குளிர்ந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. மண்பானை வியர்க்கிறது, அந்த வியர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் அறையைவிடக் குளிர்கிறது. லிக்விட் கூலரோ மூடிய வட்டம். அதிலிருந்து ஆவியாவதற்கு எதுவும் இல்லை. எனவே அது எவ்வளவு விலை பெற்றதானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையில் அளந்து சொல்லும் எண்ணை அக்கினி நட்சத்திரத்தில் 38 டிகிரி கொதிக்கும் நம் அறையில் எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் கண்ட 70 நமக்கு 85ஐத் தொடும். அப்போதும் ஒரு நல்ல ஏர் கூலர் அச்செயலியை எல்லைக்குள் வைத்துவிடும் என்பதே மகிழ்ச்சியான செய்தி.

மூன்றாவது: ஏர் கூலரில் ஓடும் உறுப்பு விசிறி மட்டுமே. அது நின்றால் சில நூறு ரூபாயில் வேறொன்று மாட்டலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். குழாய்ச் சுவர் வழியே திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல மிக மெதுவாகக் குறைந்தும் போகிறது.

இப்படிச் சொல்வதால் நீர்க் குளிர்விப்பே கூடாது என்று நாங்கள் கூறுவதாக எண்ண வேண்டா. இன்டெல் கோர் ஐ9-14900கே போல் 253 வாட் வரை செல்லும் செயலிக்கு அது தக்க துணை. உயரமான ஏர் கூலர் நுழையாத சிறு கேபினட்டுக்கும் அது உதவும். வாங்குவதானால், ரேடியேட்டரின் நீளம் கேபினட்டில் இடம் பெறுமா என்று அளந்து பாருங்கள். பம்ப், வட்டத்தின் உச்சியில் இருக்கக் கூடாது. உள்ளிருக்கும் சிறிதளவு காற்று மேலே சென்று பம்பில் சிக்கிக்கொள்ளும். தனித்தனியாகக் குழாய் வாங்கி வளைத்துப் பூட்டும் முறையில் கார்டையும் சேர்த்துக் குளிர்விக்கலாம். ஆனால் அங்கே செம்புத் தகட்டையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே வட்டத்தில் சேர்க்கவே கூடாது. வேதியியலில் வினைதிறன் வரிசையைப் படித்த நமக்குக் காரணம் சொல்ல வேண்டுமா? அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த வரி, இங்கே பெற்றோரின் பணத்தைக் காக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீரோ காற்றோ, இரண்டும் சூட்டை இடம் மாற்றுகின்றனவே தவிர அழிப்பதில்லை. 800 வாட் மின்சாரம் கொள்ளும் கணிப்பொறி அந்த 800 வாட் வெப்பத்தையும் நம் அறையிலேயே கொட்டுகிறது. ஒரு டன் குளிர்சாதனம் அகற்றக்கூடிய வெப்பத்தில் அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நாள்தோறும் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2.4 யூனிட், இரண்டு மாத மின்கட்டணத்தில் 144 யூனிட் கூடுதலாகும். கடைக்காரர் எழுதித் தரும் விலைச்சீட்டில் இந்தக் கணக்கு இராது. அப்பாவின் கணக்குப் புத்தகத்தில்தான் அது வந்து சேரும்.

பொருத்தமான தேர்வு எத்தகைய வலிமையுடையது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1980களில் இந்தியாவால் தான் விரும்பிய மீத்திறன் கணிப்பொறியை அமெரிக்காவிலிருந்து பெற முடியவில்லை. 1988இல் புனே நகரில் 'சி-டாக்' நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அறிஞர்கள் கூடினர். விலைமதிப்பற்ற ஒரு பெரும் செயலிக்காக அவர்கள் ஏங்கி உட்காரவில்லை. டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு செயலிகளைத் தேர்ந்தெடுத்து, 64ஐ ஒன்றோடொன்று இசைந்து உழைக்கும்படி இணைத்தனர். 1991இல் 'பரம் 8000' பிறந்தது. கிடைத்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்த அறிவு அது. அதையல்லவா நாம் பின்பற்ற வேண்டும்?

இனி எங்கள் மூன்றாவது கருத்து. இது எங்கள் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருப்பது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தந்தையுடன் ஒரு கடைக்குச் சென்றாள். கடைக்காரர் ஒரு கேபினட்டையும் 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலரையும் எடுத்து வைத்தார். "இந்தக் கேபினட்டின் மேற்பகுதியில் 360 ரேடியேட்டர் உட்காருமா, அண்ணா?" என்று அவள் கேட்டாள். அவரோ அவளைப் பார்க்காமல் தந்தையைப் பார்த்து, "பையனுக்கா சார் வாங்குறீங்க? பாப்பாவுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். தந்தை அமைதியாக, "கேட்டது அவள். பதிலை அவளிடமே சொல்லுங்கள்" என்றார். அட்டையைப் புரட்டிப் பார்த்தபோது அந்தக் கேபினட் 240 மில்லிமீட்டருக்கு மேல் தாங்காது என்பது தெரிந்தது. அவளுடைய ஒரு கேள்வி, பொருந்தாத பொருள் வீடு வந்து சேராமல் தடுத்தது. அப்படி ஒரு தந்தை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வி எல்லாருக்கும் வரலாம். அதற்கு வேண்டியது படிப்பு மட்டுமே.

பெண்ணுக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு வரலாறே விடை சொல்லும். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் ஒரு கன்னியர்! அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பிறகு அயோவா மாநிலத்து கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்தினார். நாம் இக்கட்டுரையில் பேசிய ஏஎம்டி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2014இல் ஏற்றவர் லிசா சூ என்னும் பொறியியல் அறிஞர். சிறுமியாக இருந்தபோதே சகோதரரின் பொம்மைக் கார்களைப் பிரித்துச் சரிசெய்தவர் அவர். திருப்புளியைத் தொட்டுப் பார்த்த சிறுமிதான் பின்னாளில் செயலிகளின் உலகை ஆண்டாள். நம் வீடுகளில் திருப்புளி இருக்கும் இழுப்பறை யாருடையது? சிந்தித்துப் பாருங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. விளையாட்டில் தன்னை மறந்து, படிப்பும் உறக்கமும் கெடுவதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பெற்றோர் நேரத்துக்கு எல்லை வகுப்பதை நாங்கள் குறை கூறமாட்டோம். ஆனால் பிறர் பூட்டிக் கொடுத்த பெட்டியின் முன் அமர்வதைவிட, தானே தேர்ந்தெடுத்துப் பூட்டிய பெட்டியின் முன் அமர்பவளுக்கு அதன் விலையும் தெரியும். அதன் வரம்பும் தெரியும்.

இதற்காக நாங்கள் கேட்பது பெரிதொன்றும் இல்லை. பெற்றோர்களே, வாங்குவதற்குமுன் உங்கள் மகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே, 'இது ஏன்?' என்பதற்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 'அழகாக இருக்கிறது', 'எல்லாரும் வைத்திருக்கிறார்கள்' என்று எழுதிய இடத்தையெல்லாம் தயங்காமல் அடித்துவிடுங்கள். மீதி நிற்பதே தேவை. மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, பயன்படாமல் ஒதுக்கப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்றை எங்களுக்குத் தாருங்கள். அதைப் பிரித்து மீண்டும் பூட்ட எங்களை அனுமதியுங்கள். தையல் வகுப்பில் துணியை அளந்து வெட்டக் கற்ற கைகள் இதையும் கற்றுக்கொள்ளும்.

அன்புத் தோழியரே! இன்னும் சில மாதங்களில் மேனிலை வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்று நாம் முடிவு செய்யப் போகிறோம். அங்கும் இதே குரல்கள் கேட்கும். "எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்", "அதற்குத்தான் மதிப்பு" என்பார்கள். எது உயர்ந்தது என்று மட்டும் கேட்டால் பிறர் நமக்காக விடை சொல்லிவிடுவார்கள். எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று கேட்டால் விடையை நாமே தேட வேண்டியிருக்கும். கணிப்பொறிக்கு ஆகட்டும், வாழ்க்கைக்கு ஆகட்டும், காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கப் பழகுவோம். விலைக்கு மயங்கோம், பொருத்தம் அறிவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி